கடையில் உள்ளூர்ச் சரக்கு மட்டும் வைக்கச் சொல்கிறார்கள். எங்காவது ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருக்கிறதா?

மளிகைக்கடை செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா போட்ட கடை. முட்டி தேய்ந்து அவரால் ஏணியில் ஏற முடியாமல் போன பிறகு, ஆறு வருடமாக நான்தான் கல்லாவில் உட்காருகிறேன்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். இரண்டு பேர் என் கடன் நோட்டிலேயே இருப்பவர்கள். உள்ளூர்ப் பொருளாதாரத்துக்காகக் குழு ஆரம்பித்திருக்கிறார்களாம். காட் ஒப்பந்தம், உலக வர்த்தக அமைப்பு, விதை உரிமை என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். நடுவில் வந்தவர்களுக்குச் சரக்குக் கட்டிக்கொண்டே கேட்டேன். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்கள். பன்னாட்டுக் கம்பெனிச் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, பாரம்பரிய அரிசி, குளியல் பொடி, நம் பக்கத்துச் சோடா வைக்க வேண்டும். வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ், அந்தச் செலவு அவர்களுடையது.

அவர்கள் போன பிறகு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றேன். சோப்பில் முக்கால்வாசி போய்விடும். பற்பசையில் ஒன்றிரண்டு மிஞ்சும். கம்பியில் தொங்குகிற ஷாம்பு சரத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் அந்த ஒரு ரூபாய் ஷாம்புக்கு வருகிறவள்தான் கூடவே கால் கிலோ துவரம்பருப்பும் வாங்குகிறாள். ஷாம்பு இல்லை என்றால் எதிர்க்கடைக்குப் போவாள், பருப்பையும் அங்கேயே கட்டச் சொல்வாள்.

எனக்குத் தயக்கம் வரக் காரணம் 2017. அந்த வருடம் ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடியபோதே பெப்சி, கோக் வேண்டாம் என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. அப்புறம் விக்கிரமராஜா தலைமையிலான வணிகர் சங்கங்களின் பேரமைப்பு, வெள்ளையன் தலைமையிலான பேரவை இரண்டுமே மார்ச் 1 முதல் அந்தக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. அப்பா வருடா வருடம் மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைத்துவிட்டு வேனில் மாநாட்டுக்குப் போகிற ஆள். 2012இல் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறந்தபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்குச் சொல்லவா வேண்டும்.

எங்கள் பக்கம் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கும் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குப் போகிறது என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை மழையும் பொய்த்துவிட்டது. நாங்கள் குடத்தை எட்டு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தோம். ஆயிரம் லிட்டருக்கு எத்தனை குடம் என்று அப்பா பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

மார்ச் 1 காலையில் பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து, “இங்கு அந்நியக் குளிர்பானங்கள் விற்கப்படமாட்டாது” என்று சிவப்பு மார்க்கரில் எழுதிக் கட்டினார். மறுநாளே, 2ஆம் தேதி, தண்ணீர் வழக்கு தள்ளுபடியாகித் தடையும் நீங்கியது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அட்டையை மட்டும் எடுக்கவில்லை.

முதல் பதினைந்து நாள் திருவிழா மாதிரி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பன்னீர் சோடா கேட்டு வந்தார்கள். மூன்றாவது வாரம் சோடா வண்டி வரவில்லை. நான்காவது வாரம் வந்தது, நாங்கள் கேட்டதில் பாதிதான் இருந்தது. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து முப்பது பெட்டி கேட்டார்கள், இல்லை என்று அனுப்பினோம். சித்திரை பிறப்பதற்குள் பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடை பழையபடி விற்க ஆரம்பித்தது, முதலில் துணி போட்டு மூடி, அப்புறம் மூடாமல். அப்பா மே வரை தாக்குப்பிடித்தார். வணிகர் தினத்துக்குப் போய்விட்டு வந்தவர், அந்த அட்டையைக் கழற்றிக் குடோனில் அரிசி மூட்டைக்குப் பின்னால் சொருகினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு மூலையை எலி தின்றிருக்கிறது.

கொள்கை சரியா தவறா என்ற விவாதம் எனக்கு வேண்டாம். அதை அப்பாவும் அம்மாவும் ராத்திரிச் சாப்பாட்டில் நடத்திக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இப்படி ஓர் இயக்கம் சொன்ன மாற்று, கூட்டம் கலைந்த பிறகும் எங்காவது நின்றிருக்கிறதா? நின்றிருந்தால் சரக்கை யார் கொண்டுவந்து போட்டார்கள், காசை யார் முதலில் போட்டார்கள், விற்காததை யார் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்?

பழைய லைன் வண்டி:

தங்கச்சி, அந்த மார்ச் மாதம் வராமல் போன வண்டிகளில் ஒன்றை ஓட்டியவன் நான். உங்கள் ஊர் லைன் இல்லை, ஆனால் கதை ஒன்றுதான். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன சோடா கம்பெனியில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், இப்போது கம்பெனியே இல்லை.

அதுவரை நாளுக்கு 60 கிரேட் போட்ட லைன் அது. அந்த வாரம் 200 கேட்டார்கள். முதலாளி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நாலே நாளில் தெரிந்துவிட்டது. சர்க்கரைப் பாகு இருக்கிறது, கேஸ் சிலிண்டர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, பாட்டில் இல்லை. கண்ணாடி பாட்டில் கடைக்குப் போய், ஒருவர் குடித்து, காலியாகக் கிரேட்டில் ஏறி எங்களிடம் திரும்பி வர எட்டுப் பத்து நாள் ஆகும். விற்பனை மூன்று மடங்கு என்றால் பாட்டிலும் மூன்று மடங்கு வேண்டும், கிரேட்டும் வேண்டும், இன்னொரு வண்டியும் வேண்டும். புது பாட்டில் கேட்டால் முழுப் பணத்தையும் முன்னால் கட்டு என்றார்கள். வங்கிக்குப் போனால், “இந்தக் கோபம் எத்தனை மாதம் இருக்கும் என்று சொல்லுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி லோன் போடலாம்” என்று கேட்டார் மேனேஜர். கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அடுத்தது ஃப்ரிட்ஜ். பெரிய கம்பெனிக்காரர்கள் கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜைக் கடைக்குச் சும்மா இறக்குவார்கள். அதில் அவர்கள் சரக்கு மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது பேச்சு. புறக்கணிப்பு என்று சொன்ன கடைக்காரர்கள் அதை என்ன செய்வார்கள்? கரண்டைப் பிடுங்கிவிட்டு உள்ளே முட்டை அட்டை அடுக்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பாட்டில் பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் கிடந்தது. பகல் ஒரு மணிக்கு வெதுவெதுப்பான கோலி சோடாவை ஒரு பையன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தானே, அந்தப் பார்வையில் உலகமயமாக்கல் ஜெயித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

இன்னொரு கூத்து, எது அந்நியச் சரக்கு என்பது. “தம்ஸ் அப்பையும் எடுக்கணுமா அண்ணாச்சி?” என்று நாளுக்குப் பத்துக் கடையில் கேட்பார்கள். 1977இல் கோக் நாட்டை விட்டுப் போன சமயத்தில் பார்லேக்காரர்கள் கொண்டுவந்தது அது. 1993இல் கோக் திரும்பி வந்தபோது அதையே வாங்கிப்போட்டது. லிம்காவும் கோல்ட் ஸ்பாட்டும் அதே கணக்கில் கைமாறின. இதை ஒவ்வொரு கடையிலும் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் லைன் எப்போது முடியும்?

காளிமார்க்கை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1916இல் விருதுநகரில் தொடங்கியது, இன்றும் பொவன்டோ விற்கிறது. 2017க்கு முன்னாலேயே அவர்களுக்குப் பாட்டில், ஏஜென்சி, பெயர் எல்லாம் இருந்தது. அந்த அலையில் மேலே ஏற அவர்களிடம் படகு இருந்தது. எங்களிடம் இல்லை.

குழுப் பிள்ளைகளிடம் ஃப்ளெக்ஸ் காசை மிச்சப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தால் அதுவே பெரிய புரட்சி.

கணக்குப்பிள்ளை_நெல்லை:

பத்து ரூபாய் கேம்பா கோலா உங்கள் கடைக்கு வந்துவிட்டதா? ரிலையன்ஸ் 2022இல் வாங்கி 2023இல் இறக்கியது. பிள்ளைகளின் பட்டியல்படி அது சுதேசி, எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணாச்சியின் சோடா வண்டி இன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் படுக்க வைப்பது எது? அவர்களுக்கு ஆகாதது வெளிநாடா, பெரிய கையா என்று கேட்டுச் சொல்லுங்கள். சும்மா வம்புக்குத்தான்.

மளிகைக்கடை செல்வி:

கேம்பா வந்துவிட்டது. விலை சின்னது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். உங்கள் கேள்வியைக் குழுவிடம் போட்டேன், அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. ஒரு பெண் மட்டும் “அக்கா, சண்டை இருக்கட்டும், ஃப்ரிட்ஜ் என்ன விலை?” என்று கேட்டாள். அவள் தேறுவாள்.

மீனாட்சிபுரம் வழி:

லைன் வண்டி அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. எல்லா எதிர்ப்பையும் விற்பனைக் கணக்கில் அளந்தால், கேரளாவில் ஊரே கோக் ஆலையை எதிர்த்து நின்ற பிளாச்சிமடையை எங்கே வைப்பது?

நான் பொள்ளாச்சி, தேங்காய் வியாபாரம். மீனாட்சிபுரம் தாண்டி கன்னிமாரி பக்கம் வாரம் இரண்டு தடவை போவேன். அந்த ஆலை வாசலைக் கடந்துதான் வண்டி போகும். 2000இல் பெருமாட்டி பஞ்சாயத்தில் கோகோ கோலா ஆலை ஓட ஆரம்பித்தது. வயலாக இருந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நாளுக்கு லட்சக்கணக்கான லிட்டர் இறைத்தார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் சுற்றிலும் இருந்த காலனிக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, மிச்சம் இருந்ததும் கெட்டுப்போனது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. பொங்கிய சோறு மத்தியானத்துக்குள் நொந்துவிடும். குளித்தால் கண் எரியும், தோல் அரிக்கும். இதை முதலில் கண்டுபிடித்தது சமைத்துக்கொண்டிருந்த பெண்கள்தான்.

2002 ஏப்ரல் 22இல் வாசலுக்கு எதிரே ஓலைப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆதிவாசித் தலைவர் சி.கே.ஜானு வந்து தொடங்கிவைத்தார். முன்னால் நின்ற மயிலம்மா எரவாளர் சமூகத்துப் பெண், பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே வருடம் ஆலை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்த கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பதைப் பிபிசி வெளியில் கொண்டுவந்தது. டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று தீர்ப்பெழுதினார். 2004 ஜனவரியில் அங்கே உலகத் தண்ணீர் மாநாடு நடந்தது, விதை உரிமைக்காகப் போராடும் வந்தனா சிவா, பிரான்சிலிருந்து விவசாயிகள் தலைவர் ஜோசே போவே எல்லாம் வந்தார்கள். மார்ச்சில் ஆலை நின்றது. 2005இல் உயர் நீதிமன்ற அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றித் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகும் அங்கே பழையபடி ஓடவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களே, இனி அங்கே நடத்தும் எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவும் நடந்தபோது அந்தப் பெண்களிடம் போய், “உங்கள் மாற்றுக் குளிர்பானம் எது” என்று யாராவது கேட்டால் எப்படி இருக்கும்? அவர்கள் கேட்டது கிணற்றில் பழைய தண்ணீர்.

ஆனால் செல்வி கேட்ட கேள்விக்கு அங்கேயும் நல்ல பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2010இல் அரசு அமைத்த உயர்மட்டக் குழு இழப்பு 216 கோடி என்று கணக்குச் சொன்னது. 2011இல் அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறிக் குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குப் போனது. ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே போய்விட்டார். ஆலையை நிறுத்தத் தெரிந்த இயக்கத்துக்கு, காலனிப் பெண்களுக்கு அடுத்த நாள் கூலி வேலை எங்கே என்பதற்கு வழி செய்ய முடியவில்லை. என் தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்க வருகிறவர்களில் அந்தப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர். மாநாட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டதை ஒருவர் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பூங்கார் விவசாயி:

செல்வியம்மா, நின்ற கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் எனக்கு நான்கு மா நிலம்.

ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடக்கும், கேள்விப்பட்டிருப்பீர்கள். நம்மாழ்வார் ஐயாவோடு நடந்த நெல் ஜெயராமன் 2006இல் தொடங்கியது. “நமது நெல்லைக் காப்போம்” இயக்கம். நம்மாழ்வார் மேடையில் உலக வர்த்தக ஒப்பந்தம் பற்றிப் பேசுவார், வேம்புக்கு வாங்கிய காப்புரிமையை ஐரோப்பாவில் எப்படி உடைத்தார்கள் என்று சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது கையில் இரண்டு கிலோ விதைநெல் இருக்கும். பேரேட்டில் பெயர், ஊர், ரகம் எழுதிக்கொள்வார்கள். காசு கிடையாது. அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கொடுக்கிற நான்கில் இன்னும் இரண்டு பேர் விதைப்பார்கள்.

நான் முதலில் வாங்கியது பூங்கார். ஒற்றை நாற்றாக நட்டேன், ஒரு மாவுக்குப் போக நாற்று மிஞ்சிவிட்டது. குறுகிய நாள் நெல், மழை வெள்ளத்தில் நின்றாலும் மறுபடி எழும். அடுத்த வருடம் ஆசைப்பட்டுக் காட்டுயானம் போட்டேன். ஆறு மாதப் பயிர், ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், உள்ளே யானை நின்றாலும் தெரியாது என்பார்கள். வைக்கோல் மாட்டுக்கு ஆகும். ஆனால் சாய்ந்துவிட்டால் அறுவடை மிஷின்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஆள் விட்டு அறுத்த கூலியைச் சொன்னால் என் மனைவிக்கு இன்னும் கோபம் வரும்.

ஜெயராமன் 2018 டிசம்பர் 6இல் போய்விட்டார். அதற்குள் 174 ரகம் திரட்டியிருந்தார். திருவிழா அவருக்குப் பிறகும் நடக்கிறது. ஏன் நின்றது என்று யோசித்தால், யாரும் பெரிய முதல் போடவில்லை. விதையே முதல், விதையே வட்டி. கடன் வசூலிக்க ஆள் வேண்டாம், விளைந்தால் கொடுக்கப்போகிறான்.

நிற்காதது எங்கே தெரியுமா, விற்பனையில். எட்டு மூட்டை நெல்லைக் கொண்டுபோனால் பெரிய மில்லில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், மிஷினை நிறுத்திக் கழுவ வேண்டுமே என்பார்கள். சின்ன மில்லைத் தேடிப் பதினெட்டு கிலோமீட்டர் போனேன். தவிடு நீக்காத அரிசி என்பதால் வண்டு சீக்கிரம் விழும். டவுனில் ஒரு கடைக்கு 25 கிலோ கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனால் 14 கிலோ அப்படியே இருக்கிறது, மூட்டை நடமாடுகிறது. கடைக்காரர் திட்டவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தார். கோழிக்குப் போட்டேன். விற்காததை யார் திரும்ப எடுத்தார்கள் என்று கேட்டீர்கள். நான்தான்.

லீக்ஸ் கிழமை:

செல்வி அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்போது பாரிசுக்கு வெளியே இருக்கிறேன். காசை யார் முதலில் போட்டது என்று கேட்டீர்கள் அல்லவா, இங்கே அதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள்.

பிரான்சில் இந்த இயக்கங்கள் என்றால் எல்லோரும் 1999 ஆகஸ்டில் மியோ என்ற ஊரில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸை ஜோசே போவேயும் ஆட்களும் பிரித்துப் போட்டதைத்தான் சொல்வார்கள். அவர்களுடைய ரொக்ஃபோர் பாற்கட்டிக்கு அமெரிக்கா கூட்டிய வரிக்குப் பதிலடி. அது படம் எடுக்க நல்லது. என் குசினிக்கு வந்து சேர்ந்தது வேறு ஒன்று. 1998இல் தொடங்கிய அத்தாக் என்றோர் அமைப்பு, எல்லை தாண்டி ஓடும் பணத்துக்கு வரி போடச் சொல்லிப் போராடியது. தெற்கே ஒபாஞ் என்ற ஊரில் அவர்கள் கூட்டிய சாப்பாடு பற்றிய கூட்டத்துக்குத் தூலோன் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர் தம்பதி வந்தார்கள். அமெரிக்காவில் பார்த்த ஒரு முறையைச் சொன்னார்கள். 2001இல் அந்தக் கூட்டத்து ஆட்களே முதல் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். அதற்கு அமாப் என்று பெயர், சிறு விவசாயத்தை நிலைநிறுத்தும் சங்கம் என்று அர்த்தம். ஜப்பானில் இதே மாதிரி எழுபதுகளிலிருந்தே இருக்கிறதாம்.

நடைமுறை இதுதான். பருவம் தொடங்கும்போது விவசாயியோடு எழுத்தில் ஒப்பந்தம். ஆறு மாதத்துக்கான காசோலைகளை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அவர் மாதம் ஒன்றாக மாற்றிக்கொள்வார். பதிலுக்குக் கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, ஒரு கூடை மரக்கறி. என்ன வரும் என்று நாங்கள் கேட்க முடியாது. வியாழன் பின்னேரம் ஒரு மண்டபத்தில் அவர் தன் வேனிலிருந்து இறக்குவார், முறை வைத்து எங்களில் இருவர் நிறுத்துக் கொடுப்போம். கடைக் கூலி இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, மிஞ்சுவதும் இல்லை.

கஷ்டமும் சொல்ல வேண்டும். போன மாரியில் ஐந்து கிழமை தொடர்ந்து லீக்ஸ், தடித்த வெங்காயத்தாள் மாதிரி ஒன்று. சுண்டினேன், வறுத்தேன், சம்பல் போட்டேன், பருப்புக்குள் போட்டு ஒளித்தேன். மகன் கூடையைக் கண்டாலே அறைக்குள் போய்விடுவான். கறிமிளகாயும் கறிவேப்பிலையும் வேண்டும் என்றால் பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பலுக்குத்தான் போக வேண்டும், அது எங்கெங்கிருந்தோ விமானத்தில் வருகிறது. ஒரு வருடம் ஆலங்கட்டி மழை கொட்டித் தக்காளி முழுக்கப் போனது. எங்களுக்குக் காசு திரும்ப வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் மட்டும் அடுத்த பருவம் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் குழுப் பிள்ளைகள் உண்மையாகத்தான் கேட்கிறார்கள் என்றால், முன்கூட்டியே காசு கட்டச் சொல்லிப் பாருங்கள். அதில் தெரிந்துவிடும்.

மளிகைக்கடை செல்வி:

தம்பி (அண்ணனா?), அதைத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு எல்லோரையும் உட்கார வைத்துச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அலமாரியில் எதையும் எடுக்க மாட்டேன், ஃப்ளெக்ஸும் வேண்டாம், ஷாம்பு சரம் தொங்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கதவுப் பக்கத்து அடுக்கைத் தருகிறேன், அதில் நீங்கள் சொல்கிற சரக்கு. ஆனால் மாதம் முதல் தேதி வீட்டுக்கு 500 ரூபாய் முன்பணம், மூன்று மாதத்துக்குக் கையெழுத்து. எண்ணெய் ஒரு லிட்டர், அரிசி, கருப்பட்டி என்று அந்தக் காசுக்குச் சரியாக வரவழைத்து வைப்பேன். வராதவர்கள் பங்கு அவர்கள் தலையில்.

கொஞ்ச நேரம் காப்பி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. ஃப்ரிட்ஜ் விலை கேட்ட பெண் முதலில் நோட்டை எடுத்தாள். அப்புறம் நான்கு பேர். ஊருக்குள் போய்ச் சேர்த்ததில் இப்போது 23 வீடு ஆகியிருக்கிறது. அதில் இரண்டு டீச்சர்கள், ஒரு போஸ்ட்மேன். முகத்தைத் தூக்கியவனின் அம்மா சேர்ந்துவிட்டார், அவன் இன்னும் சேரவில்லை. என் கடன் நோட்டில் இருக்கும் இரண்டு பேரை நான் சேர்க்கவில்லை, பழையதைக் கட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

செக்கு எண்ணெய்க்கு ஆள் கிடைத்துவிட்டார், பக்கத்து ஊர்தான், கடலையைக் கண்ணெதிரே ஆட்டித் தருகிறார். டின்னுக்கு அவருக்குப் பாதிக் காசு முன்னால் கொடுத்தேன். இவ்வளவு வருடத்தில் ஒரு கடைக்காரர் முன்பணம் கொடுத்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று சந்தேகத்தோடு நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சோடாவை இப்போதைக்குத் தொடவில்லை. அப்பா அதைத்தான் முதலில் கேட்டார்.

பூங்கார் ஐயா, உங்களிடம்தான் அரிசி கேட்கலாம் என்றிருக்கிறேன். மாதம் 60 கிலோ போதும். வண்டுக்கு என்ன செய்வது? அம்மா காய்ந்த வேப்பிலை போடலாம் என்கிறார், அப்பா வசம்பு என்கிறார்.

பூங்கார் விவசாயி:

இரண்டும் போடலாம், ஆனால் அரிசியில் போட்டால் வசம்பு வாடை சோற்றில் ஏறும், ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அரிசியாக வாங்கி வைக்காதீர்கள் அம்மா. நெல் என் வீட்டிலேயே இருக்கட்டும், அது ஒரு வருடம் கெடாது. உங்கள் கணக்கு முடிந்து ஒன்றாம் தேதி எத்தனை கிலோ என்று சொன்னால், அந்த வாரம் அரைத்துப் பார்சல் லாரியில் போட்டுவிடுகிறேன். லாரிக் கூலி யார் தலையில் என்பதை மட்டும் அந்த 23 வீட்டிலும் இப்போதே பேசிவிடுங்கள்.